காப்போ: சொல்லும் பொறுப்பும்

வாணிகத்தின் வழியே ஒரு மொழிச் சொல் மற்றொரு மொழியில் குடியேறுவது இயல்பு. தமிழின் கடையும் கப்பலும் மலாய் மொழியில் இடம்பெற்றது அவ்வாறே. ஆனால், முள்வேலிக்குள் வழங்கி, பின்னர் உலக மொழிகளுள் புகுந்த சொற்களும் சில உள. நாஜி ஜெர்மனியின் வதைமுகாம்களிலிருந்து வந்த 'காப்போ' அவற்றுள் ஒன்று. இனத்தைக் காட்டிக்கொடுப்பவன் என்னும் பொருளில் இன்று இச்சொல் எளிதாக வீசப்படுகிறது. இதன் உண்மைப் பொருள் யாது, இதனை எடுத்தாளும் எழுத்தாளர் எதனை மனங்கொள்ள வேண்டும் என்பன ஆராய்தற்குரியன.

1933ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நாஜி ஆட்சி டாக்காவ் முகாமைத் திறந்தது. முகாம்களைக் காத்த எஸ்.எஸ். படை, கைதிகளை வேலை வாங்குவதற்குக் கைதிகளுள்ளேயே சிலரைத் தேர்ந்து அமர்த்தியது. வேலைக்குழு ஒன்றின் தலைமையில் இவ்வாறு வைக்கப்பட்ட கைதியே காப்போ. தலைவன் எனப் பொருள்படும் இத்தாலியச் சொல்லே இதன் மூலம் என்பர் சிலர். பிரெஞ்சுப் படைத்துறைச் சொல்லிலிருந்து பிறந்தது என்பர் வேறு சிலர். மூலம் எதுவாயினும் ஒன்று தெளிவு. காப்போ காவலன் அல்லன், அவனும் கைதியே.

அவனுக்குக் கூடுதல் உணவு கிடைத்தது. கடும் உழைப்பிலிருந்து விலக்குக் கிடைத்தது. பிறரை அடிக்கும் உரிமையும் கிடைத்தது. பலர் அவ்வுரிமையைக் கொடுமையாகப் பயன்படுத்தினர் என்பதில் ஐயமில்லை. ஆயின் அப்பதவி ஒரு கண்ணியுமாகும். எஸ்.எஸ். தலைவன் ஹிம்லர் 1944ஆம் ஆண்டு படைத்தலைவர்களிடையே பேசுகையில் இதனை மறைக்கவில்லை. மனநிறைவு தராத காப்போ பதவி இழப்பான். அன்றிரவே தன்னால் அடிபட்டவர்களிடையே படுப்பான். முதல் இரவிலேயே அவர்களால் கொல்லப்படுவான் என்பது அவன் தந்த விளக்கம். அடிக்காவிடில் பதவி போகும். அடித்த பின் பதவி போயின் உயிர் போகும். இதுவே அவ்வமைப்பின் சூழ்ச்சி.

இப்பொருளை அறியாது சொல்லை ஆண்டால் நேரும் பிழைக்கு 2003ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 2ஆம் நாள் ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் நிகழ்ந்தது சான்றாகும். தம்மைக் குறைகூறிய ஜெர்மன் உறுப்பினர் மார்ட்டின் சூல்ட்சை நோக்கி, இத்தாலியப் பிரதமர் பெர்லுஸ்கோனி, வதைமுகாம் பற்றிய படமொன்றில் காப்போ வேடத்திற்கு அவரைப் பரிந்துரைப்பதாகக் கூறினார். ஜெர்மானியர் என்பதால் ஒருவரை நாஜிக் காவலராக்க எழுந்த ஏளனம், கைதியைக் குறிக்கும் சொல்லைப் பற்றிக்கொண்டது. ஒரே வீச்சில் இரு பிழை: உயிரோடிருப்பவர் இழிவுபட்டார், மாண்டோர் வரலாறும் திரிந்தது.

சொல்லின் பொருளை நன்கறிந்தோரும் தவறுவதுண்டு. 2016ஆம் ஆண்டு அமெரிக்க வழக்குரைஞர் டேவிட் பிரீட்மன், தம் கருத்துக்கு மாறான யூத அமைப்பொன்றின் ஆதரவாளரைக் காப்போக்களினும் கொடியர் என எழுதினார். மறு ஆண்டு தூதர் பதவிக்கான செனட் விசாரணையில் தம் கடுஞ்சொற்களுக்கு வருந்தினார். கருத்து வேறுபாட்டைச் சுட்டுதற்குக் காப்போ என்னும் சொல் வேண்டுவதில்லை. அச்சொல்லின் பின் மரண அச்சம் நிற்கிறது; அரசியல் வாதத்தின் பின் அத்தகைய அச்சம் இல்லை.

முகாமில் வாழ்ந்தோர் எழுத்தில் இவ்வளவு எளிமை காணப்படுவதில்லை. வியன்னா மருத்துவர் விக்டர் பிராங்கிள் 1946ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், காப்போக்கள் பலர் காவலரினும் கொடியராய் இருந்ததை எழுதுகிறார். அதே நூலில், தன் இல்லறத் துயரைப் பொறுமையாகக் கேட்டதற்கு நன்றியாகத் தமக்குத் துணைநின்ற காப்போவையும் காட்டுகிறார். அகப்பை சூப்புக் கலத்தின் அடிவரை சென்று சில பட்டாணிகளை அள்ளி வந்ததே அந்நன்றியின் அளவு. பிரீமோ லேவி 1986ஆம் ஆண்டின் நூலில் இந்நிலையைச் 'சாம்பல் நிறப் பகுதி' எனப் பெயரிட்டார். கொலைஞரையும் கொலையுண்டோரையும் ஒன்றாக்குவதை அவர் அறவே மறுத்தார். முதற்குற்றம் அவ்வமைப்பைப் படைத்தோரதே என்றார். அதன்பின், நெருக்கப்பட்ட கைதியின் மீது தீர்ப்பு வழங்கத் தயங்கினார். அத்தயக்கமே அவர் எழுத்தின் அறம்.

கலையில் இத்தயக்கம் தவறிய இடமும் உண்டு. 1960இல் வெளிவந்த பொண்டெகோர்வோவின் 'காப்போ' என்னும் திரைப்படத்தில், யூதப் பெண்ணொருத்தி உயிர் பிழைக்க அப்பதவியை ஏற்கிறாள். இறுதியில் பிறர் தப்பத் தன்னைப் பலியிடுகிறாள். மின்வேலியில் மாண்டு கிடக்கும் மற்றொருத்தியின் உடலைக் கேமரா அழகுற நெருங்கிச் செல்லும் காட்சியை, 1961இல் பிரெஞ்சுத் திறனாய்வாளர் ஜாக் ரிவெட் கடுமையாகக் கண்டித்தார். அக்கண்டனம் ஒரு காட்சியைப் பற்றியது. கதை முடிவையும் அதே அளவுகோலால் அளக்கலாம். தியாகத்தால் பாவம் கழுவப்பட, பார்ப்போர் ஆறுதலுடன் எழுந்து செல்கின்றனர். லேவியின் வாசகர்க்கு அந்த ஆறுதல் இல்லை.

நீதிமன்றத்திற்கும் இச்சிக்கல் நேர்ந்தது. நாஜிகளையும் அவர்தம் உடந்தையரையும் தண்டிக்க இஸ்ரேல் 1950ஆம் ஆண்டு சட்டம் இயற்றியது. 1961இல் ஐக்மன் விசாரிக்கப்பட்டது இச்சட்டத்தின்படியே. அதற்கு முன்னரே, முகாம்களிலிருந்து மீண்ட யூதர் சிலரும் இதே சட்டத்தின்கீழ்க் கூண்டில் நின்றனர்; சிலர் தண்டனை பெற்றனர்; சிலர் விடுதலை பெற்றனர். சாட்சிகளைக் கேட்டு, ஒவ்வொருவர் செயலையும் தனித்தனியே எடைபோட்டே நீதிமன்றம் இம்முடிவுகளுக்கு வந்தது. வசைச் சொல்லோ எடைபோடுவதில்லை.

தமிழில் இச்சொல்லைப் பெயர்ப்போர்க்குக் 'கங்காணி' என்னும் சொல் முதலில் நினைவில் எழலாம். அது பொருந்தாது. தலைக்காசு பெற்ற கங்காணி ஊருக்குத் திரும்பக் கூடியவர். காப்போ முள்வேலி கடக்க இயலாதவன். 'கோடரிக்காம்பு' என்பது இன்னும் நெருங்கி வரும். ஆயினும் அதிலும் குறையுண்டு. குலத்தைக் கெடுக்க வந்ததாகக் காம்பைப் பழிக்கும் பழமொழி, மரக்கிளையை வெட்டிக் காம்பாகச் செதுக்கிய கையைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. காப்போவின் வரலாற்றில் முதலில் கேட்க வேண்டிய வினாவோ அக்கையைப் பற்றியது.

ஆகவே, 'காப்போ' என்றே எழுதி, முதல்முறை வருமிடத்தில் 'முகாம் அதிகாரிகள் கைதிகளுள்ளிருந்து அமர்த்திய வேலைக்குழுத் தலைவன்' என விளக்குவதே நேரிய வழி. அம்முகாம்களைப் பற்றி எழுதுமிடத்து அச்சொல் இன்றியமையாதது. கட்சி மாறியவரையும் மாற்றுக் கருத்தினரையும் தாக்குதற்கோ தமிழில் வேறு சொற்கள் வேண்டிய அளவு உள. மூழ்கியவர்களின் துயரிலிருந்து ஒரு சொல்லைக் கடன் வாங்கியவர், அவர்களை மறவாதிருப்பதன்றி அக்கடனுக்கு வேறு ஈடு செலுத்தல் இயலாது.