சீதன வீடும் பல்கலைக்கழகமும்: மட்டக்களப்பு வாவிக்கரையிலிருந்து பெண்ணியப் புவியியலை வாசித்தல்

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளும் ஞாயிற்றின் இயக்கத்தை அடியொற்றிப் பெயர் பெற்றவை. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட, குடிசெறிந்த மணற்பாங்கான நிலம் எழுவான்கரை. வாவிக்கு மேற்கே வயலும் குளமும் காடுமாக விரியும் நிலம் படுவான்கரை. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடைய இவ்வாவி இயற்கையாய் அமைந்த எல்லையாயினும், அதன் இரு மருங்கும் நிலைபெற்ற வாழ்க்கை வேறுபாடு உற்பத்தி உறவுகளின் விளைவாகும். எழுவான்கரைப் போடியார் பலரின் வயல்கள் படுவான்கரையில் இருந்தன. நெல் இக்கரைக்கு வந்தது. பாடசாலையும் வைத்தியசாலையும் கச்சேரியும் பெரும்பாலும் இக்கரையிலேயே நின்றன.

இப்பிரதேசத்தைப் பற்றித் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுந்த நூல்களை நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். எஸ். ஓ. கனகரத்தினத்தின் 1921ஆம் ஆண்டு நூல், எப். எக்ஸ். சி. நடராசா பதிப்பித்த 'மட்டக்களப்பு மான்மியம்' (1962), வி. சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' (1964) ஆகியன எமக்குக் கிடைத்த பெருஞ் செல்வங்கள். இவையின்றி எம்மவர் எவரும் இத்துறையிற் காலெடுத்து வைத்திருக்க முடியாது. எனினும் இவை தரும் நிலப்படத்திற் கோயில்களும் வன்னிமைகளும் குடிமுறையும் தெளிவாகத் தெரியுமளவுக்கு வளவும் கிணற்றடியும் அடுப்படியும் தெரிவதில்லை. பெண் அங்கே கண்ணகி வழக்குரை கேட்பவளாகவும் கவி பாடுபவளாகவும் வருகிறாள். வாவியைக் கடப்பவளாக வருவதில்லை.

இவ்விடைவெளியை நிரப்ப உதவக்கூடியது பெண்ணியப் புவியியல் என்னும் துறையாகும். இடம் என்பது நிகழ்வுகள் நடந்தேறும் வெற்று மேடையன்று, சமூக உறவுகளால் ஆக்கப்படுவது என்பதை மாக்சியப் புவியியலாளர் முன்னரே வற்புறுத்தியிருந்தனர். டோரீன் மாசி தமது 'இடம், தலம், பால்நிலை' (1994) என்னும் நூலில் அவ்வாதத்தைப் பெண்களின் அசைவுக்கும் அசைவின்மைக்கும் விரித்தார். அதற்கு ஓராண்டு முன்னர் ஜிலியன் றோஸ், புவியியல் ஆய்வாளரின் பார்வையே ஆணின் பார்வையாக அமைந்துவிட்டதை எடுத்துக்காட்டினார். ஒருவர் எங்கே போகலாம், எப்போது திரும்பவேண்டும், அவர் போய்வரும் வேளையில் வீட்டிற் பிள்ளையைப் பார்ப்பவர் யார் என்பன இத்துறையின் அடிப்படை வினாக்கள். பார்வைக்கு இவை அற்பமானவை. ஆனால் 'பாதை' எனப் பிரதேச மக்கள் வழங்கும் மிதவைப் படகு மாலையில் எத்தனை மணிக்கு நிற்கிறது என்பதே படுவான்கரைப் பெண்ணொருத்தியின் கல்வியைத் தீர்மானித்த காலம் உண்டு. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை அத்துறையில் நிலைமை இதுவே.

முற்போக்கு வாசகருக்கு இங்கு ஒரு மயக்கம் ஏற்படுவது இயல்பு. மட்டக்களப்புத் தமிழர், முஸ்லிம்கள் ஆகிய இரு சாராரிடத்தும் தாய்வழிக் குடிமுறை நிலவுகிறது. மணமான பின்னர் ஆண் பெண்ணின் வீட்டுக்குச் செல்கிறான். வீடு சீதனமாகப் பெண்ணுக்கு எழுதப்படுகிறது. பெற்றோர் மூத்தவளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு அதே வளவிலோ அயலிலோ வேறொரு வீட்டுக்கு மாறுகின்றனர். ஏங்கெல்சின் 'குடும்பம், தனிச்சொத்து, அரசு ஆகியவற்றின் தோற்றம்' (1884) நூலைக் கற்றவர்கள் தாயுரிமையின் வீழ்ச்சியே பெண்ணடிமையின் தொடக்கம் என்னும் கருத்தை மனத்திற்கொண்டு இப்பிரதேசத்துக்கு வரும்போது, வீழாத தாயுரிமையின் எச்சம் ஒன்றைக் கண்டுவிட்டதாக மகிழ்கின்றனர். நாமும் மகிழ்ந்தவர்களே.

ஆவணங்கள் இம்மகிழ்ச்சியை நெடுநாள் நீடிக்க விடுவதில்லை. சி. பிரிட்டோ 1876இல் வெளியிட்ட முக்குவர் சட்டம் பற்றிய நூல் காட்டும் பழைய முறைமையில், முதுசச் சொத்து பெண்வழியாகச் சென்றதாயினும், தாய்மாமனிடமிருந்து மருமகனுக்குச் செல்லும் சொத்தாகவே பெரும்பாலும் இருந்தது. வழி பெண்ணுடையது, ஆட்சி ஆணுடையது. டெனிஸ் மக்கில்வ்ரே நெடுங்கால ஆய்வின் பயனாக 2008இல் வெளியிட்ட பெருநூல், அம்முறைமை காலப்போக்கிற் பெண்ணுக்கு மணத்தின்போதே வழங்கப்படும் சீதனமாக உருமாறியதை விளக்குகிறது. ஆக, இன்றைய சீதன வீட்டை ஆதிப்பொதுவுடைமையின் எச்சமெனக் கொள்வது வரலாற்றுக்கு முரணானது.

இம்மயக்கத்தை நேரடியாக எதிர்கொண்ட நூல் காஞ்சனா றுவன்புரவின் 'தாய்வழிச் சமூகங்கள், தந்தையாதிக்க யதார்த்தங்கள்' (2006). இலங்கையைப் பெண்ணுக்குச் சாதகமான நாடாகக் காட்டிய பொருளியலாளரையும் பெண்ணியவாதிகளையும் அவர் மறுக்கிறார். கிழக்கிலங்கையின் தமிழ், முஸ்லிம், சிங்களப் பெண் தலைமைக் குடும்பங்களை ஒருங்கே வைத்து நோக்கி, தாய்வழிச் சொத்துரிமை தந்தையாதிக்கத்தைத் தானாகவே தளர்த்துவதில்லை என நிறுவுகிறார். நூலின் பெரும்பலம் இவ்வொப்பீடேயாகும். இனத்தை இனத்துக்கு எதிராக நிறுத்தியே எழுதப் பழகிவிட்ட ஒரு பிரதேசத்தில், மூவினப் பெண்களின் அடுப்புச் செலவையும் உறவினர் உதவியையும் பக்கத்திற் பக்கமாக வைத்தமை அரசியல் முக்கியத்துவம் வாய்ந்தது. பெண் தலைமைக் குடும்பங்கள் அனைத்தையும் யுத்தத்தின் கணக்கில் எழுதிவிடும் எளிமையையும் அவர் ஏற்கவில்லை. கைவிடுதலும் குடிப்பழக்கமும் இயற்கை மரணமும் யுத்தத்துக்கு முன்னரும் இருந்தவை. யுத்தத்தை மட்டும் குற்றஞ்சாட்டுவது குடும்பத்துக்குள் நிகழ்வதை மறைக்க வசதியானது. இதனைச் சொல்லத் துணிவு வேண்டும்.

குறைகளும் உள. எமது வாசிப்பில், போடியார் வீட்டு மகளின் சீதனத்துக்கும் வயற்கூலியாளின் மகளின் சீதனத்துக்கும் இடையேயுள்ள தூரம் இந்நூலில் மேலும் விரித்து நோக்கப்பட்டிருத்தல் வேண்டும். ஒருத்திக்கு வீடு பாதுகாப்பு. மற்றவளுக்கு அது பெற்றோர் பட்ட கடன், அவள் மத்தியகிழக்குக்குச் சென்று கட்டிமுடிக்க வேண்டிய சுவர். வாவியும் நூலிற் பின்னணியாகவே நிற்கிறது என எமக்குத் தோன்றுகிறது. பொருளியலாளரின் கேள்விகள் வருமானத்தைத் தொடர்கின்றன, தூரத்தைத் தொடரவில்லை. இவ்விடத்திலேயே புவியியல் இன்றியமையாததாகிறது.

அரசின் கண்ணில் சீதன வீடு எவ்வாறு தென்படுகிறது என்பதை 2004 டிசெம்பர் 26இன் ஆழிப்பேரலை வெளிப்படுத்தியது. பல கரையோரக் கிராமங்களில் ஆண்களிலும் பெண்களே கூடுதலாக மாண்டனர் என்பதை 2005இல் வெளியான ஒக்ஸ்பாம் அறிக்கை சுட்டிற்று. பெண் வீட்டிலிருந்தாள், வீடு கடலோரத்தில் இருந்தது என்பது அதன் காரணங்களுள் ஒன்று. கடலுக்கும் வாவிக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் நாவலடி அழிந்தது. அங்கிருந்தோர் பலர் திராய்மடுவிற் குடியமர்த்தப்பட்டனர். கிழக்கிற் கரையிலிருந்து 200 மீற்றர் வரை கட்டடங்களுக்குத் தடை விதிக்கப்பட்டபோது மாற்றுக் காணிகள் வழங்கவேண்டியதாயிற்று. அவ்வேளையில் நிர்வாகம் கையாண்ட அளவுகோல் 'குடும்பத் தலைவர்' என்பது. அழிந்த வீடு மனைவியின் சீதனம்; புதிய உறுதியோ பல இடங்களிற் கணவனின் பெயரில். பல தலைமுறையாகப் பெண்வழி வந்த உரிமை ஒரு படிவத்தின் முதற் கட்டத்தில் மாறிற்று. மட்டக்களப்புப் பெண்கள் அமைப்புகள் இதனை அன்றே எதிர்த்தன. அரச காணிகளிலோ 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் ஆண் வாரிசுக்கு முதன்மை கொடுத்து வந்தது. 2022இலேயே அது திருத்தப்பட்டது. வழமையாலும் பெண்ணுக்குக் கட்டுப்பாடு கிடைக்கவில்லை, சட்டத்தாலும் கிடைக்கவில்லை. கிடைத்ததெல்லாம் வீட்டுக்குரியவள் என்ற பெயரும் அவ்வீட்டைப் பராமரிக்கும் உழைப்புமே.

இனி எமது வீட்டுக்கு, அதாவது பல்கலைக்கழகத்துக்கு வருவோம். அண்மைக்காலமாக 'கரிசனைமிக்க கல்விப் பண்பாடு' என்னும் தொடர் கருத்தரங்குகளில் அடிக்கடி ஒலிக்கிறது. அதன் மூலங்களுள் ஒன்று, அலிசன் மவுன்ற்ஸ் முதலான பதினொரு பெண்ணியப் புவியியலாளர் 2015இற் கூட்டாக எழுதிய, மெதுவான புலமையை வேண்டும் கட்டுரையாகும். வெளியீடுகளின் தொகையாலும் நிதியின் தொகையாலும் அறிஞரை அளக்கும் நவதாராள வாதப் பல்கலைக்கழகம் மனிதரின் காலத்தையும் உடலையும் தின்கிறது என்பதும், அதற்கெதிராகக் கூட்டாகக் காலத்தை மீட்கவேண்டும் என்பதும் அதன் சாரம். பதினொருவருள் ஒருவரான ஜெனிபர் ஹின்ட்மன், இலங்கையின் யுத்தத்தையும் ஆழிப்பேரலையையும் ஆராய்ந்தவர். ஆதலால் அக்கட்டுரை எமக்கு முற்றிலும் அந்நியமானதன்று.

அதன் கோரிக்கையோடு எமக்கு உடன்பாடே. ஆயினும் 'மெதுவாக' இருக்க எவரால் இயலும்? நிரந்தர நியமனம் உள்ளவரால் இயலும். ஆண்டுக்காண்டு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் தற்காலிக உதவி விரிவுரையாளருக்கு மெதுவென்பது வேலையிழப்பு. கரிசனை என்பதையும் நாம் ஐயத்தோடு அணுகவேண்டும். மட்டக்களப்பில் அது பற்றாக்குறையான பொருளன்று; ஏராளமாக உண்டு, பெண்களால் உற்பத்தியாகிறது, கணக்கில் ஏறுவதில்லை. வீட்டுவேலைக்கு ஊதியம் கோரிய 1970களின் மேலைப் பெண்ணிய மாக்சியர் விவாதத்தின் பாடம் இதுவே: அன்பென்று போற்றப்படும் உழைப்புக்கு நேரக் கணக்கு கேட்பவர் எவருமிலர். இலங்கைப் பல்கலைக்கழக மாணவரிற் பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள். துறைகளிலே அழுது வரும் மாணவியைத் தேற்றுவதும், விருந்தினருக்கு உணவு ஒழுங்கு செய்வதும், விழாவுக்குக் கோலமிடுவதும் எவர் தலையில் விழுகின்றன என்பதை வாசகர் தமது துறையிலேயே எண்ணிப் பார்க்கலாம். பெண்ணுக்குரிய வீடு, ஆனால் அவளுக்குரிய நேரம் இல்லை. கரிசனைப் பண்பாடு என்பது இந்நிலையை மாற்றாது அதற்குப் பாராட்டு மட்டும் வழங்குமாயின், பல்கலைக்கழகம் இன்னொரு சீதன வீடாகும்.

கரிசனை மேலைநாட்டிலிருந்து இறக்குமதியாக வேண்டியதில்லை என்பதற்கு எமது நிறுவன வரலாறே சான்று. 1981இற் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் முழுப் பல்கலைக்கழகமான கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வந்தாறுமூலை வளாகம், 1990இல் அயற்கிராமங்களின் ஆயிரக்கணக்கான மக்களுக்கு அகதிமுகாமாயிற்று. பல்கலைக்கழக ஆசிரியர் சிலர் அம்முகாமின் பொறுப்பை ஏற்றிருந்தனர். செப்ரெம்பர் 5ஆம் திகதி அங்கிருந்து 158 பேர் இராணுவத்தினராற் கொண்டுசெல்லப்பட்டனர், அவர்கள் திரும்பவில்லை. அதன்பின் ஆண்டுக்கணக்காக வாயில் வாயிலாக ஏறி இறங்கியோர் அவர்களின் தாய்மாரும் மனைவியருமே. ஒரு பல்கலைக்கழகம் எவரைப் பராமரிக்கும் பொறுப்புடையது என்ற வினாவுக்கு இதனைவிடக் கடுமையான பாடம் எந்நாட்டு ஆய்விதழிலும் இல்லை. அப்பாடம் எமது பாடத்திட்டத்தில் எங்கே உளது?

வளாகத்துக்கு வெளியேயும் அறிவு உற்பத்தியாயிற்று. 1990களின் தொடக்கத்தில் இடம்பெயர்ந்த பெண்களின் முயற்சியாகக் கொழும்பில் உருப்பெற்று, பின்னர் மட்டக்களப்புக்கு மாறிய சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம், ஆவணப்படுத்தலையும் பாடலையும் சட்ட உதவியையும் ஒருசேரச் செய்தது. பேராசிரியர் சித்திரலேகா மௌனகுரு போன்றோர் விரிவுரை மண்டபத்துக்கும் இத்தகைய பெண்கள் இயக்கத்துக்கும் இடையே நடந்தவர்கள். 1986இல் வெளியான 'சொல்லாத சேதிகள்' தொகுதியின் பதிப்பாசிரியராக அவர் செய்த பணியை இலக்கிய வரலாற்றிற் சேர்த்துவிட்டோம். அவ்வியக்கங்களிற் கழிந்த மாலைப் பொழுதுகளை 'சமூக சேவை' என்ற தலைப்பின்கீழ் ஒதுக்கிவிட்டோம். பதவி உயர்வுக்கான புள்ளித் திட்டங்கள் இவ்வொதுக்கலுக்கு எண் வடிவம் கொடுக்கின்றன.

பிறரைக் குறைகூறும் கட்டுரையாளன் தன்னையும் கூறவேண்டும். எனது கலாநிதிப்பட்ட ஆய்வுக்காகப் படுவான்கரைக் கிராமமொன்றிற் பல மாதங்கள் நேர்காணல்கள் செய்தேன். 'செய்தேன்' என்றே ஆய்வேட்டில் எழுதியுள்ளேன். உண்மையில் என்னோடு வந்தவர் அவ்வூர்ப் பட்டதாரிப் பெண் ஒருவர். பெண்கள் என்னிடம் சொல்லத் தயங்கியதை அவரிடம் சொன்னார்கள். எவ்வீட்டுக்கு எந்நேரம் போகலாகாது என்பதை அவரே அறிவார். இரவில் ஒலிப்பதிவுகளை எழுத்தாக்கியவரும் அவரே. அவ்வேளையில் அவருடைய பிள்ளையைப் பார்த்தவர் அவருடைய தாய். நாட்கூலி கொடுத்தேன். நன்றியுரையின் இறுதிப் பந்தியில் அவர் பெயர் வருகிறது, தேநீர் தந்த குடும்பங்களுக்குச் சற்று முன்னர். அறிவுசார் உழைப்பின் சுரண்டலைப் பற்றி ஓர் இயல் முழுவதும் எழுதிய ஏடு அது.

எனவே கரிசனைப் பண்பாட்டைப் பேசுவோர் முதலிற் கணக்கேட்டைத் திறக்கவேண்டும். களப்பணி உதவியாளரின் பெயர் ஆசிரியர் வரிசையில் இடம்பெறுவது பற்றி ஒவ்வொரு துறையும் எழுத்திலமைந்த விதி வகுக்கலாம். மாணவியர் கடைசிப் பேருந்தையும் கடைசிப் 'பாதை'யையும் பிடிக்கவியலாத வேளையில் விரிவுரைகளை வைப்பதைத் தவிர்க்கலாம். மாணவர் நலன் பேணும் நேரம் கற்பித்தல் நேரத்தோடு சேர்த்து எண்ணப்படலாம். பகிடிவதைக்கெதிரான சட்டம் 1998இலேயே இயற்றப்பட்டது. பாலியல் இலஞ்சம் 2023ஆம் ஆண்டு ஊழல் எதிர்ப்புச் சட்டத்திற் குற்றமாக்கப்பட்டது. முறையிடும் மாணவியோடு அலுவலகத்துக்கு நடந்து செல்ல ஒருவர் நியமிக்கப்படாதவரை அச்சட்டங்கள் அச்செழுத்தாகவே இருக்கும். இவற்றுக்குப் பெருநிதி வேண்டியதில்லை. எதிர்ப்பு வரும் இடம் நிதி அன்று, மூப்பு.

எனது ஆய்வேட்டை நூலாக்கும் பணி இப்போது நடைபெறுகிறது. தலைப்புப் பக்கத்தில் இரு பெயர்கள் இடம்பெறவேண்டும் என்று அப்பெண்ணிடம் கேட்டேன். அவர் உடனே இணங்கவில்லை. மூன்றாம் இயலில் அவருடைய தாயின் சீதன வீட்டைத் தாய்வழி உரிமையின் எடுத்துக்காட்டாக நான் காட்டியிருந்தேன். அவ்வீட்டின் உறுதி தாயின் பெயரிலே இருந்ததாயினும், தந்தை அதனை இருமுறை ஈடுவைத்தார் என்றும், மீட்டது தாயின் வெளிநாட்டு உழைப்பு என்றும் அவர் கூறினார். அன்றே சொல்லியிருக்கலாமே என்றேன். நான் கேட்கவில்லை என்றார். அவ்வியலைத் தாமே திருத்தி எழுதிய பின்னரே தமது பெயரைப் போடலாம் என்பது அவருடைய நிபந்தனை. கையெழுத்துப் படி இப்போது அவரிடம் இருக்கிறது.