குழந்தையோடு நடக்கும் வழி: பழனி, கதிர்காமப் பாதயாத்திரைகளில் பொருள் தேரும் முறை

கைக்குழந்தை முதல் பாட்டி வரை எல்லோரும் வீட்டை விட்டுப் புறப்பட்டு, வழியிலேயே உண்டு உறங்கிப் பல நாட்களைக் கழிக்கும் வழக்கம் தமிழ்க் குடும்பங்களில் பாதயாத்திரையின் வழியாகவே நெடுங்காலம் நிலைத்து வந்திருக்கிறது. தைப்பூசத்துக்குப் பழனிக்கும், ஆடித் திருவிழாவுக்குக் கதிர்காமத்துக்கும் நடப்போர் வழிபடும் தெய்வம் ஒன்றே. ஆயினும் அவர்கள் கட்டும் மூட்டைகள் பெரிதும் வேறுபடுகின்றன. வழி எதைத் தருகிறது, எதைத் தருவதில்லை என்பதே அந்த வேறுபாட்டின் அடிப்படை. குழந்தையை உடன் அழைத்துச் செல்வோர் முதலில் அறிந்துகொள்ள வேண்டியதும் அதுவே.

பழனிப் பாதை ஊர்களின் ஊடாகச் செல்லும் பாதை. சிவகங்கை மாவட்டத்துக் குன்றக்குடியில் கூடும் நாட்டுக்கோட்டை நகரத்தார் நத்தம், திண்டுக்கல் வழியாகக் காவடியோடு நடக்கின்றனர். மதுரை, திருச்சி, ஈரோடு, சேலம் பகுதிகளிலிருந்து புறப்படும் குழுக்களும் பெரும்பாலும் நெடுஞ்சாலைகளையே பற்றிச் செல்கின்றன. வழியெங்கும் அன்னதானப் பந்தல்களும் தங்கும் மண்டபங்களும் மருந்துக் கடைகளும் இருப்பதோடு, பல குழுக்களுக்குப் பின்னால் பாத்திரமும் படுக்கையும் ஏற்றிய வண்டி ஒன்றும் வருவதால், குழந்தைக்கு உரிய பொருள்களில் மறந்துபோனது எதையும் அன்றைக்கே வாங்கிக்கொள்ளலாம்.

கதிர்காம யாத்திரை இரு வேறு இயல்புகளை உடையது. யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு வழியாகப் பொத்துவில் வரை நடப்போர் கோயில் மடங்களிலும் ஊராரின் உபசரிப்பிலும் தங்கிச் செல்வதால், அந்தப் பகுதி பழனிப் பாதையை ஒத்தே இருக்கிறது. பாணமையைத் தாண்டி உகந்தை முருகன் கோயிலை அடைந்தபின் நிலை மாறுகிறது. கொடியேற்றத்தை ஒட்டிச் சில நாட்களுக்கு மட்டுமே திறக்கப்படும் காட்டுப்பாதை குமண, யால வனங்களின் ஊடாகப் பல நாள் நடையாக நீள்கிறது. அங்கே கடையில்லை, யானையும் சிறுத்தையும் கரடியும் உலவும் காட்டில் ஆற்றங்கரைகளே இரவுத் தங்குமிடங்கள்.

பொருள் தேர்வில் முதலிடம் தண்ணீருக்கே உரியது. தென்மேற்குப் பருவமழையின் ஈரம் மலைநாட்டின் மேற்குச் சரிவிலேயே கொட்டிவிடுவதால், ஆடி மாதத்தில் இலங்கையின் தென்கிழக்கு காய்ந்து கிடக்கிறது. தன்னார்வலரும் படையினரும் இடையிடையே நீர்த்தாங்கிகள் வைப்பதுண்டு என்றாலும், குழந்தைக்கு வேண்டிய நீரை அவற்றை நம்பி விடுவது தகாது. ஒரு லீற்றர் நீர் ஒரு கிலோ எடை என்பதால், ஐந்து லீற்றர் கான் ஒன்றைச் சுமப்பவரிடமிருந்து வேறு சுமைகளை இறக்கிவிட வேண்டும். ஆற்று நீரைத் துணியில் வடித்துக் கொதிக்க வைப்பதற்கென மூடியுள்ள சிறு பாத்திரமும் தேவை. வயிற்றுப்போக்கில் உடல் இழக்கும் நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் பொடி இலங்கையில் ஜீவனி என்றும் தமிழ்நாட்டில் ஓ.ஆர்.எஸ். என்றும் கிடைக்கிறது, உறையில் குறித்துள்ள அளவு நீரில் முழுவதையும் கரைத்து, 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்தி, மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும்.

உணவிலும் இதே நியதி செல்லும். பழனி வழியில் சூடான இட்லியும் பாலும் கிடைப்பதால் ஒரு வேளைக்கான தின்பண்டமே போதும். காட்டுவழியில் அவல், சத்துமா, பொரிவிளாங்காய் போன்ற கெடாத உலர் உணவுகளே குழந்தையைக் காக்கின்றன. ஆறு மாதம் நிறையாத குழந்தைக்குத் தாய்ப்பால் ஒன்றே போதும். புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்கோ, காட்டில் புட்டியைக் கொதிநீரில் இட்டுச் சுத்தம் செய்வது அரிதாகையால், எளிதில் கழுவக்கூடிய கிண்ணமும் கரண்டியும் பாதுகாப்பானவை.

உறங்கும் ஏற்பாட்டில் இரு நாட்டாரும் நம்பும் பொருள் பழைய பருத்திச் சேலை. தமிழ்நாட்டில் தூளி என்றும் ஈழத்தில் ஏணை என்றும் வழங்கும் துணித்தொட்டிலாக அது இரவில் தொங்குகிறது. பகலில் நிழல் தரும் பந்தலாகவும் போர்வையாகவும் பயன்படுகிறது. நைலான் சேலையின் முடிச்சு வழுக்கும் என்பதால் பருத்தியே ஏற்றது. தொட்டில் கட்டும் கிளையைப் பெரியவர் ஒருவர் தம் முழு எடையால் தொங்கிப் பார்த்து, பட்ட கிளையன்று என உறுதி செய்தபின், துணியை இரு சுற்றுச் சுற்றி முடிந்து, விழுந்தாலும் அடிபடாத உயரத்தில் தாழத் தொங்கவிட வேண்டும். காட்டில் இதன் மேல் நுளம்பு வலையும், கீழே விரிக்கத் தறப்பாள் எனப்படும் தார்ப்பாயும் சேர்கின்றன. இலங்கை மலேரியா அற்ற நாடு என 2016இல் உலக சுகாதார அமைப்பு அறிவித்திருப்பினும், டெங்கு ஓயவில்லை. அதைப் பரப்பும் நுளம்பு பகலில் கடிப்பதால் பகலுறக்கத்துக்கும் வலை வேண்டும்.

உடையும் ஒளியும் பருவத்தையும் வழியையும் பொறுத்தவை. எடையை நோக்க உடற்பரப்பு மிகுந்த சிறுகுழந்தை பெரியவரைக் காட்டிலும் விரைவில் குளிர்ந்துவிடுவதால், தை மாதப் பனியில் விடியுமுன் நடக்கும் பழனிக் குழுக்களுக்குக் காதை மூடும் குல்லாயும் கம்பளிச் சட்டையும் இன்றியமையாதவை. அங்கே பேராபத்து வாகனங்களே; ஆகவே விளக்கொளியில் மின்னும் பட்டையைக் குழந்தையின் முதுகிலும் அதைத் தூக்கிச் செல்பவரின் முதுகிலும் ஒட்டுவதும், பெயரும் கைபேசி எண்ணும் எழுதிய கைப்பட்டையை அணிவிப்பதும் கட்டாயம். காட்டுவழியில் கைபேசியைப் பெரிதும் நம்ப இயலாது. அங்கே உண்ணிக்கடியைத் தடுக்கும் வெளிர்நிற முழுக்கை உடையும், முள்ளுக்கு ஈடுகொடுக்கும் வார்ச்செருப்பும், ஆளுக்கொரு டோர்ச்சும் முக்கியம். வெறுங்காலோடு நடப்பது பெரியவர்களின் நேர்த்தியாக இருக்கலாம். அதைப் பிள்ளையின் காலில் சுமத்துவது நியாயமன்று.

இரு வழக்கங்களும் ஒன்றிடமிருந்து ஒன்று கற்கத் தக்கவை பல. குழந்தையின் நீரையும் மருந்தையும் பின்னால் வரும் வண்டியில் போட்டுவிட்டு முன்னே நடந்துவிடும் பழனிக் குடும்பம், ஒரு வேளைக்கு வேண்டியதை உடலோடு வைத்திருக்கும் கதிர்காமத்து ஒழுங்கைக் கைக்கொள்ளலாம். காட்டுவழிக் குழுவோ, கூட்டத்தில் பிள்ளை தவறாமல் காக்கும் பழனி வழியின் கைப்பட்டையை எடுத்துக்கொள்ளலாம். தண்ணீரையும் பிள்ளையையும் சேர்த்துத் தூக்குவதற்குப் போதிய பெரியவர்கள் இல்லாத குடும்பம், உகந்தையோடு நடையை நிறுத்தி, மொனராகலை வழியாகப் பேருந்தில் கதிர்காமம் சேர்வதே முறை. முருகன் சந்நிதியில் பிள்ளை நலமாய் நிற்பதே அந்த யாத்திரையின் நிறைவாகும்.