பாடங் கேட்டவர் படிக்கத் தொடங்கிய நாள்

டாக்டர் உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அதனை ஏடு தேடிய வரலாறாகவே காண்பர். அவர் ஊர் ஊராய் அலைந்ததும், செல்லரித்த சுவடிகளை மீட்டு அச்சேற்றியதும் என்றும் போற்றத்தக்கனவே. ஆயினும், அந்நூலை மறுமுறை படிக்குங்கால் அதனூடே வேறொரு வரலாறும் ஓடுவது நமக்குப் புலனாகின்றது. ஒருவர் எவ்வாறு வாழ்நாள் முழுதும் படிப்பவராக ஆகின்றார் என்பதே அவ்வரலாறு. தமிழகத்திற்கு வெளியே பிள்ளைகளை வளர்க்கும் நமக்கு அதுவே இன்று பெரிதும் வேண்டுவதாகும்.

1940-ஆம் ஆண்டு ஆனந்த விகடனில் தொடராக வெளிவரத் தொடங்கிய இந்நூல், 1942-இல் ஐயரவர்கள் மறைந்தபோது முற்றுப்பெறாமல் நின்றது. 1950-இல் நூல்வடிவம் பெற்றது. 1855-இல் பிறந்த உத்தமதானபுரத்துச் சிறுவன் ஒருவன், தமிழ் கற்க வேண்டும் என்னும் ஒரே வேட்கையோடு வளர்வதை இதன் முற்பகுதி விரிக்கின்றது. தந்தையார் வேங்கடசுப்பையரோ இசைவாணர். மகனும் அவ்வழியே செல்வான் என்று எண்ணியவர், அவனது நாட்டத்தை அறிந்தபின், ஆசிரியர் இருக்கும் ஊர்களைத் தேடிக் குடும்பத்தையே கொண்டு சென்றார். அரியலூரில் சடகோபையங்கார் தமிழின் சுவையைக் காட்டினார். பின்னர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்த மாணவர், 1876-இல் அப்பெருமான் மறையும்வரை அவரை நிழல்போல் தொடர்ந்தார்.

இங்கே நாம் ஒன்றைக் கருதுதல் வேண்டும். அக்காலத்தில் கல்வி என்பது பாடங் கேட்டல். ஆசிரியர் சொல்ல, மாணவர் செவியால் பருகினர். அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், தலபுராணங்கள் என அவர் கேட்ட நூல்களின் பட்டியல் நீண்டு செல்கின்றது. அவரது ஆர்வத்தில் ஐயமில்லை, உழைப்பிலும் குறையில்லை. ஆனால் அவை யாவும் ஆசிரியர் அறிந்த நூல்கள். ஐயம் நேர்ந்தால் விளக்க அருகில் ஒருவர் இருந்த நூல்கள். கரை தெரியும் நீரில் நீந்துவது போன்றது அக்கல்வி.

கரை தெரியாத நீரில் அவர் இறங்கியது 1880-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில். அவ்வாண்டுதான் அவர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராய் அமர்ந்திருந்தார். அந்நகருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றபோது, என்னென்ன நூல்கள் படித்திருக்கிறீர்கள் என்று அவர் வினவினார். ஐயரும் தாம் பாடங் கேட்ட நூல்களை வரிசையாய் அடுக்கினார். பாராட்டை எதிர்பார்த்தவருக்கு அது கிட்டவில்லை. சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை ஆகிய பழைய நூல்களைப் படித்ததுண்டா என்பதே அடுத்த வினாவாயிற்று. அவற்றை அவர் படித்ததில்லை.

அந்நூலின் உயிர்நிலை இவ்விடமே என்பது நமது கருத்து. எழுபது வயதைக் கடந்து எத்துணையோ சிறப்புகளைப் பெற்ற ஒருவர், தம் இளமையில் செருக்கு அடிபட்ட அந்நாளை மறைக்காமல் எழுதுகின்றார். தம்மைத் தாழ்த்திய வினாவைக் கேட்டவரை நன்றியோடு நினைக்கின்றார். கற்றது போதாது என்ற உணர்வே அவரைப் படிப்பவராக்கியது. வெறும் அறிவுரையோடு முதலியார் நின்றுவிடவில்லை என்பதும் கருதத்தக்கது. சிந்தாமணிப் பிரதியொன்றைத் தேடிக் கொணர்ந்து கையில் கொடுத்தார். உடனிருந்து படிக்கவும் செய்தார்.

நூல் கைக்கு வந்ததும் எல்லாம் விளங்கிவிடவில்லை. நச்சினார்க்கினியர் உரையோடு படித்தும் பொருள் பிடிபடவில்லை. சமண சமயச் செய்திகள் புதியனவாய் இருந்தன. ஐயர் கும்பகோணத்துச் சமணர் இல்லங்களை நாடினார். ஓர் இல்லத்தில் சிந்தாமணி படித்து நிறைவு செய்ததை விழாவாகவே கொண்டாடக் கண்டார். புலவர் உலகம் மறந்திருந்த நூல், அண்டைத் தெருவில் உயிரோடு இருந்தது! சைவ மடத்தில் பயின்ற அந்தணர் ஒருவர், வேற்றுச் சமயத்தார் வீட்டில் மாணவராய் அமர்ந்தார். உரையாசிரியர் பெயர் சுட்டாமல் காட்டிய மேற்கோள்கள் எந்நூலின என்று தேடப் புகுந்தபோது, சங்க நூல்களின் வாயில் திறந்தது. 1887-இல் சிந்தாமணி, 1889-இல் பத்துப்பாட்டு, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு, 1898-இல் மணிமேகலை என அவர் பதிப்புகள் தொடர்ந்தன. விளங்காத ஒரு நூல் பல நூல்களுக்கு வழிகாட்டிற்று.

இந்நூலுக்குக் குறைகள் இல்லாமல் இல்லை. ஊர்ப்பெயரும் ஆட்பெயரும் விருந்து விவரமும் சிற்சில இடங்களில் கதையோட்டத்தைத் தளர்த்துகின்றன. நூலைக் கையிலேந்திப் படிக்கும் பெண்களை இதிற் காண்பது அரிது. மடங்களுக்கும் புலவர் வீடுகளுக்கும் செல்ல இயலாத எண்ணற்றோர்க்கு ஏட்டுக்கட்டு எட்டாப் பொருளாகவே இருந்தது என்பதைப் பற்றி ஆசிரியர் மிகுதியாய்ப் பேசவில்லை. 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் நிறைவேறியதன் அருமையை, இந்நூலைப் படித்தபின்பே நாம் முழுதும் உணர முடிகின்றது.

இனி நம் நிலைக்கு வருவோம். தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வளரும் நம் பிள்ளைகளிற் பலர் தமிழ் பேசுவர், படிக்க அறியார். ஊரிலிருந்து பாட்டி எழுதிய கடிதத்தைப் பிறர் படிக்கக் கேட்டவர்கள் அவர்கள். இன்று கைப்பேசியில் பாட்டியின் குரலே கேட்பதால் அக்குறையும் தோன்றுவதில்லை. ஞாயிறுதோறும் எழுத்துகளை எழுதப் பழக்குகின்றோம். அது வேண்டியதே, ஆயினும் எழுத்தறிவு மட்டும் படிப்பார்வம் ஆகாது. நாமே கூட, பள்ளியில் பாடங் கேட்டதோடு தமிழ் நூல்களை மூடி வைத்தவர்கள் அல்லமோ? தமிழ் உயர்ந்தது என்று மேடையில் முழங்குகின்றோம். நாம் கடைசியாய்ப் படித்து முடித்த தமிழ் நூல் எதுவென்று ஒரு முதலியார் வினவினால், தலை கவிழ்ந்து நிற்போம்.

அத்தலைகுனிவு நன்மைக்கே என்பதுதான் 'என் சரித்திரம்' நமக்குச் சொல்வது. கும்பகோணத்து இளைஞருக்கு அப்போது இருபத்தைந்து வயது, கல்லூரி ஆசிரியர். இனிப் படிக்க என்ன இருக்கிறது என்று எண்ணியிருக்கக்கூடிய நிலையில்தான் அவருக்குப் படிப்பு தொடங்கிற்று. நமக்கும் காலம் கடந்துவிடவில்லை. பிள்ளைகளிடம் தமிழ் படி என்று ஏவுவதை விட்டு, நமக்கே முழுதும் விளங்காத ஒரு நூலை அவர்கள் நடுவே விரித்து வைப்போம். பொருள் தெரியாத இடத்தில் தெரியவில்லை என்றே சொல்வோம். தெரிந்தவர் வீடு அடுத்த தெருவிலேயே இருக்கலாம்; பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அங்கே கேட்கச் செல்வோம்.