விளக்குநரின் குரலும் பார்வையாளரின் அறிவும்: பிலடெல்பியாவின் மதுரைத் தூண் மண்டபத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

கலை அருங்காட்சியகங்கள் பொதுமக்களுக்காக நடத்தும் விளக்க உலாக்களும் வகுப்புகளும் பெரும்பாலும் வந்தவர்களின் எண்ணிக்கையைக் கொண்டே மதிப்பிடப்படுகின்றன. அங்கே நிகழும் பேச்சின் தன்மை ஆய்வுக்கு உள்ளாவது குறைவு. சொல்லுதல், பயிற்றுதல், வினவுதல் என்னும் மூவகைப் பேச்சு முறைகளை, பிலடெல்பியா நகரை மையமாகக் கொண்டு இக்கட்டுரை திறனாய்வு செய்கிறது. மூன்றனுள் மக்களாட்சித் தன்மை மிக்கதாகப் போற்றப்படும் வினவல் முறை, அந்நகரிலுள்ள மதுரைத் தூண் மண்டபத்தின் முன் போதாமல் போவதை எடுத்துக்காட்டுகிறது.

திறவுச் சொற்கள்: விளக்க உலா, விளக்குநர், அருங்காட்சியகக் கல்வி, ஆண்ட்ரியா ஃப்ரேசர், பார்ன்ஸ் அறக்கட்டளை, மதனகோபால சுவாமி கோயில்.

முன்னுரை

அருங்காட்சியகத்தின் கூடங்களில் பார்வையாளரை அழைத்துச் சென்று விளக்கும் பணிக்கு 'டோசென்ட்' என்னும் பெயரைப் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் 1907ஆம் ஆண்டளவில் வழக்கிற்குக் கொண்டுவந்தது. கற்பித்தல் எனப் பொருள்படும் இலத்தீன் வினைச்சொல்லிலிருந்து பிறந்தது இப்பெயர். இதனை முன்மொழிந்தவர் அவ்வருங்காட்சியகத்தின் செயலர் பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன். குனிந்தும் எக்கியும் காட்சிப் பேழைகளைப் பார்க்கும் ஒருவரைப் படம்பிடித்து, அருங்காட்சியகச் சோர்வு பற்றி 1916இல் கட்டுரை எழுதியவரும் இவரே. ஏறத்தாழ அக்காலத்திலேயே, 1909இல் தொடங்கப்பெற்ற நியூவார்க் அருங்காட்சியகத்தில் ஜான் காட்டன் டானா, நகரத் தொழிலாளருக்கும் குடியேறிகளுக்கும் பயன்படாத கலைக்கூடம் எதற்கு என்று வினவிக்கொண்டிருந்தார். பொதுமக்களுக்கான நிகழ்ச்சிகள் அருங்காட்சியகத்தின் கடமைகளுள் ஒன்றெனக் கொள்ளப்பட்டதன் தொடக்கம் இவ்விருவரிடமும் காணப்படுகிறது.

அன்று முதல் இத்தகைய நிகழ்ச்சிகள் குறித்து எழுதுவோர், எத்தனை பேர் வந்தனர், கட்டணம் உண்டா இல்லையா என்பனவற்றையே மீண்டும் மீண்டும் பேசி வருகின்றனர். இவை தேவையற்ற வினாக்கள் அல்ல. எனினும் வாயில் திறந்திருப்பதால் மட்டும் உள்ளே நிகழும் உரையாடல் சமநிலை பெற்றுவிடுவதில்லை. யாருடைய அறிவு அங்கே அறிவாகக் கொள்ளப்படுகிறது என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

சொல்லுதல்: ஜேன் காசில்டனின் உலா

1989இல் பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்தில் ஜேன் காசில்டன் என்னும் விளக்குநர் பார்வையாளரை உலா அழைத்துச் சென்றார். நேர்த்தியான உடை, கனிவான குரல், தடையற்ற புகழுரை என அனைத்தும் வழக்கமான விளக்குநருக்குரியனவே. ஆனால் அவர் ஓவியங்களோடு நிற்கவில்லை. குடிநீர்க் குழாயைச் சுட்டிக்காட்டி, அதன் வடிவச் சிக்கனத்தையும் பெருமிதத்தையும் தலைசிறந்த சிற்பத்தைப் பாராட்டுவது போலவே பாராட்டினார். உணவுக்கூடமும் அவருடைய புகழுரைக்குத் தப்பவில்லை. ஜேன் காசில்டன் என்று ஒருவர் இல்லை; அப்பாத்திரத்தை ஏற்று நடித்தவர் ஆண்ட்ரியா ஃப்ரேசர் என்னும் இளங்கலைஞர். இந்நிகழ்த்துபனுவல் 1991இல் விரிவான அடிக்குறிப்புகளுடன் அச்சேறியது.

இதனை வெறும் அங்கதம் எனக் கடந்துவிடுவோர் உளர். அது குறைவான வாசிப்பே. பனுவலின் தொடர்கள் பல, அருங்காட்சியகத்தின் சொந்த வெளியீடுகளிலிருந்தும் நகரின் ஏழையர் இல்லங்கள் குறித்த பழைய ஆவணங்களிலிருந்தும் எடுத்துக் கோக்கப்பட்டவை. நல்ல சுவையை வளர்க்கும் கலைக்கூடமும் ஏழைகளைத் திருத்த எழுந்த விடுதியும் ஒரே நகரப் பெருமக்களின் எண்ணத்தில் உதித்தவை என்பது அக்கோவையால் புலப்படுகிறது. குடிநீர்க் குழாய்க்கு அளிக்கப்படும் புகழுரை நகைப்பூட்டுவதற்குக் காரணம் அது பொருந்தாமல் இருப்பதன்று; பெரிதும் பொருந்துவதே. எப்பொருளின் மீதும் ஏற்றத்தக்க ஒரு மொழி, எப்பொருளைப் பற்றியும் எதனையும் தெரிவிப்பதில்லை. 'இதை வியக்க வேண்டும்' என்ற ஒன்றை மட்டுமே அது கேட்போருக்குக் கற்பிக்கிறது.

ஜேன் காசில்டன் ஊதியம் பெறாத தன்னார்வலர் என்பதும் கருதத்தக்கது. ஊதியமின்றி உழைக்க ஓய்வும் வசதியும் வேண்டும். அவ்வசதி பெற்றவரின் சுவையே நிறுவனத்தின் குரலாக ஒலிக்கிறது. சிகாகோ கலை நிறுவனம் தன் தன்னார்வ விளக்குநர் அமைப்பை 2021இல் முடிவுக்குக் கொண்டுவந்து, ஊதியம் பெறும் கல்வியாளரை அமர்த்த முற்பட்டபோது எழுந்த விவாதம் பெரும்பாலும் விளக்குநரின் இனம், வயது, நன்றி மறத்தல் ஆகியவற்றைச் சுற்றியே நடந்தது. அவர்கள் பேசிய பேச்சு எத்தகையது என்பதை அவ்விவாதம் போதுமான அளவு தொடவில்லை.

பயிற்றுதல்: பார்ன்ஸின் வகுப்பறை

அதே பிலடெல்பியாவில் ஃப்ரேசருக்கு அறுபதாண்டுகளுக்கு முன்பே ஒருவர் இப்புகழுரை மரபை வெறுத்தார். உழைப்பாளர் குடும்பத்தில் பிறந்து, ஆர்ஜிரால் என்னும் கிருமிநாசினியால் செல்வம் ஈட்டிய ஆல்பர்ட் பார்ன்ஸ், தம் ஆலையில் பணிநேரத்தின் ஒரு பகுதியை ஒதுக்கித் தொழிலாளருக்கு வகுப்பு நடத்தினார். வில்லியம் ஜேம்ஸ், ஜான் டூயி ஆகியோரின் நூல்கள் அங்கே பாடமாயின. ஆலைச் சுவர்களில் ஓவியங்கள் தொங்கின. 1922இல் அவர் நிறுவிய அறக்கட்டளை சட்டப்படி ஒரு கல்வி நிலையமே; அருங்காட்சியகம் அன்று. டூயி தம் 'அனுபவமாகக் கலை' நூலை 1934இல் பார்ன்ஸுக்கே உரிமையாக்கினார்.

பார்ன்ஸின் சுவர்களில் விளக்கக் குறிப்புகள் இல்லை. செசானின் ஓவியத்துக்கு அருகே இரும்புக் கீலும் தாழ்ப்பாளும் தொங்கும். ஒளி, கோடு, நிறம், வெளி ஆகியவற்றை ஒப்பிட்டுக் காணும் முறை வகுப்பு வகுப்பாகப் பயிற்றப்பட்டது. ஒருநாள் உலாவில் வியந்து திரும்புவதற்கு மாறாக, பல மாதங்கள் அமர்ந்து பார்க்கக் கற்பது இங்கு நெறியாயிற்று. கண்ணைப் பயிற்றுதல் என்னும் வகையில் இதற்கு இணையான பொதுக் கல்வி முயற்சிகள் அரியன.

ஆயினும் அதன் விலை பெரிது. மாணவராகச் சேராதோர் உள்ளே நுழைவது கடினமாயிற்று. பார்ன்ஸ் மறைந்து பத்தாண்டுகளுக்குப் பின், வழக்கின் விளைவாக 1961இல்தான் பொதுமக்களுக்கு வரையறுத்த அளவில் கதவு திறந்தது. மாறுபட்டுப் பேசுவோருக்கு அவ்வகுப்பறையில் இடமில்லை. அங்கு விரிவுரையாற்ற அமர்த்தப்பட்ட பெர்ட்ரண்ட் ரசல் ஈராண்டுகளுக்குள் நீக்கப்பட்டார். (மேலைத் தத்துவ வரலாறு பற்றிய அவருடைய பெருநூல் அவ்விரிவுரைகளின் பயனே என்பதால், வாசகருக்கு இழப்பொன்றும் இல்லை.) புகழுரையை விலக்கிய பார்ன்ஸ், தம் முறையைக் கேள்விக்கு அப்பாற்பட்டதாக்கினார். பொருளின் வடிவம் மட்டுமே பாடமானதால், அப்பொருள் எவருடைய கையிலிருந்து எவருடைய கைக்கு வந்தது என்னும் வரலாறு வகுப்பறைக்குள் நுழையவில்லை.

வினவுதல்: விடையை மறைத்தல்

1980களில் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் கல்வித்துறையை வழிநடத்திய ஃபிலிப் யெனவைன், உலாவில் சொல்லப்படுவதைப் பார்வையாளர் மனத்தில் நிறுத்துவதில்லை என்பதை உணர்ந்தார். உளவியல் ஆய்வாளர் அபிகெயில் ஹவுசனுடன் இணைந்து அவர் உருவாக்கிய காட்சிவழிச் சிந்தனை முறை மூன்று வினாக்களால் ஆனது: இப்படத்தில் என்ன நடக்கிறது, எதைக் கண்டு அவ்வாறு கூறுகின்றீர், இன்னும் என்ன காண இயலும். விளக்குநர் தகவல் தருவதில்லை. கூறப்படுவதைத் திருப்பிச் சொல்லித் தொகுக்கிறார். தவறான விடை என்று எதனையும் ஒதுக்குவதுமில்லை. பள்ளி மாணவரிடையே இம்முறை தந்த பயன் மறுக்கத்தக்கதன்று. தான் கண்டதற்குச் சான்று காட்டும் பழக்கம் எந்த வயதிலும் நன்றே.

எனினும் பியர் பூர்தியூவும் அலைன் தார்பெலும் 1966இல் வெளியிட்ட 'கலையின் மீதான காதல்' என்னும் ஆய்வை இங்கு நினைவுகூர்தல் வேண்டும். ஐரோப்பிய அருங்காட்சியகப் பார்வையாளரை ஆராய்ந்த அந்நூல், கல்வி குறைந்த பார்வையாளரே அம்புக்குறி, விளக்கப் பலகை, வழிகாட்டி ஆகியவற்றைப் பெரிதும் விரும்பினர் என்று காட்டியது. உதவியே வேண்டாம், பொருளோடு தனித்து நிற்க விடுக என்போர் பெரும்பாலும் அவ்வுதவியை வீட்டிலும் பள்ளியிலும் முன்பே பெற்றவர்கள். இவ்வுண்மையோடு வைத்து நோக்கின், தகவலை நிறுத்திவைக்கும் வினவல் முறை எல்லாரையும் சமமாக்குவதாகத் தோன்றினும், முன்பே அறிந்தவருக்கே அனுகூலமாகிறது. அறியாதவர் தம் ஊகம் பாராட்டப்பட்ட மகிழ்வோடு, அறியாதவராகவே திரும்புகிறார்.

மதுரைத் தூண்கள்

இம்மூன்று முறைகளையும் உரைத்துப் பார்க்கத் தக்க இடம் பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்திலேயே உள்ளது. 1912இல் மதுரைக்கு வந்த அடலின் பெப்பர் கிப்சன் என்னும் பிலடெல்பியப் பெண்மணி, செதுக்கப்பட்ட கருங்கற்களை விலைக்கு வாங்கித் தம் நகருக்குக் கொண்டுசென்றார். 1919இல் அவர் மறைந்தபின் குடும்பத்தார் அவர் நினைவாக அவற்றை அருங்காட்சியகத்துக்கு வழங்கினர். மதனகோபால சுவாமி கோயிலைச் சேர்ந்த அறுபதுக்கும் மேற்பட்ட அக்கற்கள் அங்கு ஒரு தூண் மண்டபமாக அடுக்கப்பட்டன. வடமொழி அறிஞர் நார்மன் பிரௌன் 1940இல் அதனைப் பற்றித் தனிநூல் வெளியிட்டார். டாரியல் மேசனின் பதிப்பில் 2022இல் வெளிவந்த நூல் அம்மண்டபத்தின் வரலாற்றை மறுபடியும் திறந்து நோக்கியது.

இம்மண்டபத்தின் முன் வியப்புரை எளிது; கல்லின் நுணுக்கம் குறித்து எவ்வளவும் பேசலாம். பார்ன்ஸின் முறையும் தூணின் எழுச்சியையும் நிழலின் ஒழுங்கையும் செவ்வையாகக் காணப் பயிற்றும். வினவல் முறைதான் இங்கு முதல் அடியிலேயே தடைப்படுகிறது. மண்டபத்தில் செதுக்கப்பட்ட இராமாயணக் காட்சியைக் காட்டி 'என்ன நடக்கிறது' என்று வினவினால், கதையறியாதவர் உருவங்களை வருணிப்பார். கதையறிந்த மதுரைக்காரர் ஒரு சொல்லில் காட்சியின் பெயரைக் கூறுவார். அடுத்து 'எதைக் கண்டு' என்னும் வினா வரும். அவர் அதைக் கல்லில் கண்டு அறியவில்லை. பாட்டியின் வாய்மொழியிலும் கோயில் மேடையிலும் கேட்டு அறிந்தவர். கண்ணால் பெறப்படாத அறிவுக்கு அம்முறையில் இருக்கை இல்லை. அதனினும் பெரிய குறை ஒன்று உண்டு. மதுரையின் கல் எவ்வாறு அங்கு வந்தது என்பதை எவ்வளவு நேரம் உற்றுநோக்கினும் கல் தெரிவிக்காது. அதனை நிறுவனமே தன் வாயால் சொல்லியாக வேண்டும்.

தமிழகக் கோயில் மண்டபங்கள் தாமே பேச்சுக்குரிய இடங்களாக இருந்தவை என்பது இங்குக் கருதத்தக்கது. புராணம் படிக்கவும் காலட்சேபம் செய்யவும் அவை பயன்பட்டன. அங்குக் கேட்போர் கதையை முன்பே அறிந்தவர்கள். இராமன் வில்லை ஒடிப்பான் என்பது தெரிந்தே அமர்ந்திருப்பார்கள். சொல்பவர் எங்கே கூட்டினார், எங்கே விட்டார் என்பதை அவர்களால் அளக்க முடியும். சொல்பவருக்கு அதிகாரம் உண்டு; கேட்பவரின் முன்னறிவு அவ்வதிகாரத்துக்கு எல்லையாகவும் அமைந்தது. (சாதியின் பெயரால் மண்டபத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டோர் இருந்தனர் என்பதை மறந்து இம்மரபைப் போற்றுதல் தகாது. வாயில் திறப்பு முதன்மையான வினா என்பதற்கு நம் கோயில்களே சான்று.) மறைக்காமல் சொல்லுதல், சொன்னதை அளக்கவல்லோரை முன்னிருத்திச் சொல்லுதல் ஆகிய இரண்டும் சேர்ந்த இப்பேச்சு முறைக்கு, மேற்கண்ட மூவகை முறைகளுள் நேரான இணை இல்லை.

அருங்காட்சியகம் 'சமூகம்' என்னும் சொல்லைத் தன் நிகழ்ச்சிகளுக்குச் சூட்டும்போது அச்சொல் பெரும்பாலும் அழைக்கப்படுவோரையே குறிக்கிறது; திருத்தவல்லோரைக் குறிப்பதில்லை. பிலடெல்பியாவின் மண்டபத்தைப் பொறுத்தவரை அத்தகையோரைத் தேடி அலைய வேண்டியதில்லை. மதனகோபால சுவாமி கோயில் மதுரையில் இன்றும் வழிபாட்டில் உள்ளது.