பூஜ்யம் என்று பதிவாகும் உழைப்பு

புறநானூற்றில் ஒரு பாட்டு வேண்டுமா, கல்கியின் ஒரு நாவல் வேண்டுமா? கைப்பேசியை எடுத்துத் தேடினால் அடுத்த நிமிடம் படிக்கத் தொடங்கிவிடலாம். காசு கிடையாது, சந்தா கிடையாது. இவ்வளவையும் ஏதோ பெரிய நிறுவனம் ஆள் வைத்துச் செய்திருக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் இதில் பெரும்பகுதியைச் செய்தவர்கள், வேலை முடிந்து வீடு திரும்பி, சாப்பிட்டுவிட்டுக் கணினி முன் உட்கார்ந்த சாதாரண மனிதர்கள். சிலருக்குச் சீட்டாட்டம், சிலருக்குத் தோட்டம் என்பதுபோல இவர்களுக்கு இது பொழுதுபோக்கு. அவர்களுடைய உழைப்பை அவர்கள் ஒளித்து வைக்கவில்லை. நூல் இருக்கும் அதே இடத்தில் அதுவும் இருக்கிறது. எங்கே பார்ப்பது என்று தெரிந்துவிட்டால், நூலைப் படிக்கும் இன்பத்தோடு இன்னொரு இன்பமும் சேர்ந்துகொள்ளும்.

மதுரைத் திட்டத்திலிருந்து தொடங்குவது நல்லது. தமிழ் நூல்களை மின்னூல்களாக்கி இலவசமாகத் தர 1998 பொங்கலன்று தொடங்கிய முயற்சி இது. தொடங்கியவர் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியலாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம். மதுரைத் திட்டத்தின் கோப்பு எதைத் திறந்தாலும் நூல் உடனே தொடங்காது. முதலில் சின்ன எழுத்தில், ஆங்கிலத்தில், ஒரு முகப்புப் பகுதி வரும். எல்லோரும் விரலால் தள்ளிவிட்டுக் கீழே போய்விடும் பகுதி அது. அடுத்த முறை அங்கே கொஞ்சம் நில்லுங்கள். அச்சுப் பிரதியைக் கொடுத்தவர் யார், தட்டச்சுச் செய்தவர் யார், மெய்ப்புப் பார்த்தவர் யார், வலைக்கேற்ற வடிவத்துக்கு மாற்றியவர் யார் என்று ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லி நன்றி கூறியிருப்பார்கள். சில நூல்களுக்கு ஒரே பெயர்தான் இருக்கும். அத்தனை பக்கத்தையும் ஒருவரே உட்கார்ந்து அடித்திருக்கிறார் என்று பொருள். சில நூல்களுக்குப் பத்துக்கு மேற்பட்ட பெயர்கள் வரிசையாக நிற்கும். ஒரு நூலின் பக்கங்களைப் பலரும் பகிர்ந்துகொண்டு, வெவ்வேறு ஊர்களில் உட்கார்ந்து மெய்ப்புப் பார்த்து முடித்த நூல்கள் அவை. அந்தப் பெயர்களை நிதானமாகப் படியுங்கள். அவர்களில் பலர் ஒருவரையொருவர் நேரில் பார்த்தே இருக்க மாட்டார்கள்.

அந்த முகப்பின் கடைசியில் ஒரு நிபந்தனை இருக்கிறது. இந்தக் கோப்பை யாருக்கு வேண்டுமானாலும் தாராளமாகக் கொடுங்கள், ஆனால் இந்த முகப்பை நீக்காமல் கொடுங்கள் என்பது அதன் சாரம். இத்தனை வருட உழைப்புக்கு அவர்கள் கேட்கும் விலை அவ்வளவுதான். அதையும் கொடுக்காமல், முகப்பை வெட்டி எறிந்துவிட்டு, தங்கள் பெயரைப் பெரிதாகப் போட்டு வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் சுற்றவிடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் கொதிக்கிறது. நூல் பொதுச்சொத்துதான், மறுக்கவில்லை. ஆனால் தட்டச்சுச் செய்தவரின் பெயரை அழிப்பதால் யாருக்கு என்ன லாபம்?

இந்த முகப்பைப் படிக்கும்போது இன்னொன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். திட்டம் தொடங்கிய காலத்தில் கணினித் தமிழுக்கு ஒரு பொதுவான குறியீடு புழக்கத்தில் இல்லை. மயிலை, இணைமதி என்ற எழுத்துருக்களில் தொடங்கி, பிறகு டிஸ்கி, அதன் பிறகு யூனிகோடு என்று கோப்புகளை மாற்ற வேண்டி வந்தது. ஒருமுறை முடித்த வேலையைத் தொழில்நுட்பம் மாறும்போதெல்லாம் திரும்பவும் கையில் எடுத்துத் தூசி தட்டியிருக்கிறார்கள். கொடுப்பது என்றால் ஒருமுறை கொடுத்துவிட்டு நகர்வது என்றுதான் நாம் எண்ணுகிறோம். கொடுத்த பொருள் கெட்டுப்போகாமல் வருடக்கணக்காகப் பார்த்துக்கொள்வது அதைவிடப் பெரிய காரியம்.

இந்த நன்றிப் பட்டியல் நமக்குப் புதிதல்ல. உ.வே.சாமிநாதையர் 1887-ல் சீவக சிந்தாமணியையும் 1894-ல் புறநானூற்றையும் பதிப்பித்தார். அவருடைய முகவுரைகளைப் புரட்டிப் பாருங்கள். எந்த மடத்திலிருந்து ஏடு வந்தது, எந்த ஊர்க் கவிராயர் வீட்டிலிருந்து வந்தது, யார் உடனிருந்து உதவினார்கள் என்று சொல்லிக்கொண்டே போவார். தம் வீட்டுப் பரணில் இருந்த சுவடியை எடுத்துக் கொடுத்த மனிதரின் பெயரும் அதனால்தான் இன்றைக்கும் நமக்குக் கிடைக்கிறது. பதிப்பாசிரியர்கள் ஏற்படுத்திய இந்த மரபைத்தான் மின்னூல் தொண்டர்களும் பின்பற்றுகிறார்கள்.

மதுரைத் திட்டத்தில் பெயர்களைப் பார்க்கலாம். வேலை நடப்பதையே பார்க்க வேண்டுமென்றால், விக்கிப்பீடியாவின் சகோதரத் தளமான விக்கிமூலத்துக்குப் போக வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. நாட்டுடைமையான நூல்களும் காப்புரிமைக் காலம் முடிந்த நூல்களும் அங்கே முதலில் வருடிய படங்களாக ஏறுகின்றன. இந்தியாவில் ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் ஆனால் காப்புரிமை முடிந்துவிடும். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் வேலையை எழுத்துணரி மென்பொருள் செய்கிறது. ஆனால் அது பழைய அச்சைக் கண்டால் திணறும். ‘வந்தான்’ என்று இருப்பதை ‘வந்தரன்’ என்று படிக்கும், ஏனென்றால் பழைய அச்சில் துணைக்காலும் ரகரமும் கிட்டத்தட்ட ஒரே உருவம். மங்கிய தாளில் புள்ளிகள் காணாமல் போகும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் வரும் துதிக்கை வைத்த லை, னை எல்லாம் அதற்குப் புதிராகிவிடும். இதையெல்லாம் ஒரு மனிதர் உட்கார்ந்து படத்தையும் எழுத்தையும் வரிக்கு வரி ஒப்பிட்டுத் திருத்தினால்தான் நூல் நூலாகும்.

விக்கிமூலத்தில் ஏதாவது ஒரு நூலின் அட்டவணைப் பக்கத்தைத் திறங்கள். நூலின் பக்க எண்கள் எல்லாம் வண்ண வண்ணமாக வரிசையில் நிற்கும். சிவப்பு என்றால் இன்னும் யாரும் மெய்ப்புப் பார்க்கவில்லை. மஞ்சள் என்றால் ஒருவர் பார்த்துவிட்டார். பச்சை என்றால் அவர் பார்த்ததை இன்னொருவரும் சரிபார்த்துவிட்டார். சாம்பல் நிறம் எழுத்தே இல்லாத வெற்றுப் பக்கம். இதில் ஒரு அருமையான விதி உண்டு. ஒரு பக்கத்தை மஞ்சளாக்கியவரே அதைப் பச்சையாக்க முடியாது. எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இன்னொரு ஆள் வந்துதான் ஆக வேண்டும். ஆகவே முழுக்கப் பச்சையாக இருக்கும் ஒரு நூலைப் பார்த்தால், அதன் ஒவ்வொரு பக்கத்தையும் குறைந்தது இரண்டு பேர் எழுத்தெழுத்தாகப் படித்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளலாம். அதிலும் இரண்டாவதாக வந்தவருக்குக் கண்டுபிடிக்க அதிகம் இருக்காது. முழுப் பக்கமும் படித்து ஒரே ஒரு ஒற்றுப்பிழை கிடைத்தால் உண்டு. அப்படியும் வந்து படித்திருக்கிறாரே, அவர்மேல் எனக்குத் தனி மரியாதை.

அவர் செய்ததை அருகில் போய்ப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. விக்கிமூலமோ விக்கிப்பீடியாவோ, ஒவ்வொரு பக்கத்தின் மேலேயும் ‘வரலாறு’ என்று ஒரு சுட்டி இருக்கும். அதை அழுத்தினால் அந்தப் பக்கம் பிறந்த நாளிலிருந்து இன்றுவரை யார், எந்த நாள், எத்தனை மணிக்கு, என்ன மாற்றினார் என்பது முழுதும் வரும். நேரத்தைக் கவனியுங்கள்; இரவு பதினொன்றரை, விடிகாலை ஐந்து என்று இருக்கும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பக்கத்தில் அடைப்புக்குள் ஒரு எண் இருக்கும். பக்கத்தின் அளவு எத்தனை பைட் கூடியது, குறைந்தது என்பதைக் காட்டும் எண் அது. யூனிகோடில் தமிழின் ஒரு குறியீட்டுக்கு மூன்று பைட் பிடிக்கும். எனவே +3 என்று இருந்தால், யாரோ ஒருவர் விட்டுப்போன ஒரே ஒரு புள்ளியை வைத்துவிட்டுப் போயிருக்கலாம். ‘வந்தரன்’ என்பதை ‘வந்தான்’ என்று திருத்தினால் ஒரு குறி போய் இன்னொரு குறி வருகிறது. மூன்று போனது, மூன்று வந்தது. எனவே எண்ணிக்கை (0) என்று விழும். னகரத்தை ணகரமாக்கினாலும் அதே (0)தான். ஒருவர் பக்கம் முழுதும் நாற்பது இடத்தில் துணைக்காலைச் சரிசெய்திருந்தாலும் கணக்கில் பூஜ்யம். வரலாற்றுப் பக்கத்தில் இந்தப் பூஜ்யங்களைத் தேடிப் போய்ப் பார்ப்பதை ஒரு பழக்கமாகவே ஆக்கிக்கொள்ளுங்கள். பெரிய எண்களை எல்லோரும் பாராட்டிவிடுவார்கள்.

விக்கிப்பீடியாவில் வரலாறு பார்ப்பதன் சுவை வேறு மாதிரி. தமிழ் விக்கிப்பீடியா 2003-ல் தொடங்கியது. அதன் தொடக்க காலத்திலிருந்து ஆயிரக்கணக்கில் கட்டுரை எழுதியவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன். கனடா தமிழ் இலக்கியத் தோட்டம் 2015-ஆம் ஆண்டுக்கான இயல் விருதை அவருக்கு அளித்தது. 2017-ல் கட்டுரைகள் ஒரு லட்சத்தைத் தாண்டின. நீங்கள் அடிக்கடி பார்க்கும் ஒரு கட்டுரையின், உங்கள் ஊரைப் பற்றிய கட்டுரையின் வரலாற்றையே திறந்து அடியிலிருந்து மேலாகப் படியுங்கள். முதல் ஆள் இரண்டே வரி எழுதியிருப்பார். அடுத்தவர் மக்கள்தொகை சேர்த்திருப்பார். மூன்றாமவர் கோயில் கோபுரத்தைப் படமெடுத்துப் போட்டிருப்பார். நடுவில் யாரோ விஷமத்துக்குக் கண்டதை எழுதியிருப்பார். சில நிமிடங்களில் இன்னொருவர் அதை நீக்கியிருப்பார். காவல் காப்பதும் கொடைதான், வாசகர் கண்ணுக்குக் கடைசிவரை தெரியாத கொடை.

அதே வரிசையில், ஒவ்வொரு மாற்றத்துக்கும் அருகே ‘நன்றி’ என்று ஒரு சின்னச் சுட்டி இருப்பதைக் கணக்கு வைத்திருப்பவர்கள் பார்க்கலாம். அதை அழுத்தி உறுதி செய்தால், இன்ன திருத்தத்துக்காக இன்னார் உங்களுக்கு நன்றி சொன்னார் என்று அந்தப் பயனருக்குச் செய்தி போகும். பொதுப் பதிவில் யார் யாருக்கு நன்றி சொன்னார் என்பது மட்டும் இருக்கும்; எந்தத் திருத்தத்துக்கு என்பது அங்கே வராது. இந்த ஏற்பாட்டில் இருக்கும் நாகரிகம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஊரறியப் பொன்னாடை போர்த்துவதற்கும் இடமுண்டு. பயனரின் பேச்சுப் பக்கத்தில் பதக்கம் கொடுக்கலாம். ஆனால் நள்ளிரவில் ஒரு புள்ளியை வைத்தவருக்கு, அந்தப் புள்ளியை ஒருவர் பார்த்தார் என்று தெரிவதே பெரிய ஊட்டம். வெறும் இணைய முகவரி எண் மட்டும் பதிவாகியிருக்கும் பழைய திருத்தங்களுக்கு இந்தச் சுட்டி கிடையாது. அவர்களுக்கு நன்றி சொல்ல வழியே இல்லை.

நன்றி சொல்வதிலும் ரசனை இருக்கிறது. ‘அருமையான பணி, தொடரட்டும்’ என்று பொதுவாக எழுதினால் அது வாழ்த்துமடல். ‘இந்த நூலின் மூன்றாம் அதிகாரத்தில் அடிக்குறிப்புகளைக்கூட விடாமல் சேர்த்திருக்கிறீர்கள், என் மகளின் ஆய்வுக்கு அது உதவியது’ என்று எழுதினால், கொடுத்தவருக்குத் தம் கொடை எங்கே போய்ச் சேர்ந்தது என்று தெரிகிறது. இப்படிப்பட்ட குழுக்கள் பணத்தட்டுப்பாட்டினால் நின்றுபோவதைவிட, செய்வதை யாரும் பார்க்கவில்லை என்ற அலுப்பில்தான் அதிகம் நின்றுபோகின்றன என்பது என் எண்ணம். பிழை கண்டால் சலித்துக்கொள்கிறோமே, அதையும் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும். காசு கொடுத்து வாங்கியவர் போல ‘ஒரே பிழை மயம்’ என்று எழுதிவிட்டுப் போகும் நேரத்தில், ‘தொகு’ என்பதை அழுத்தி அந்தப் பிழையையே திருத்திவிடலாம்.

ஈழத்தவரின் நூலகத் திட்டத்தையும் சொல்லாமல் விட முடியாது. 1981-ல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. 2005-ல் தொடங்கிய இந்த மின்னூலகத்தை அந்த நினைவோடு திறந்தால் அதன் கனம் புரியும். அங்கே இலக்கிய நூல்களோடு பள்ளிக்கூட ஆண்டுமலர், கோயில் கும்பாபிஷேக மலர், ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் உறவினருக்குக் கொடுக்கும் நினைவு மலர் எல்லாம் இருக்கின்றன. நினைவு மலர் கடையில் விற்கும் பொருளல்ல. யாரோ ஒரு வீட்டார் தங்கள் அலமாரியிலிருந்து எடுத்து, வருட ஒப்புக்கொண்டு கொடுத்திருக்கிறார்கள். இடம்பெயர்ந்து, மூட்டை முடிச்சோடு அலைந்தபோதும் அதைக் கைவிடாமல் தூக்கி வந்தவர்களும் அவர்களில் இருப்பார்கள்.

சேகரித்தவர்களை மறந்துவிடக் கூடாது என்பதற்கு ரோஜா முத்தையாவும் ஒரு சாட்சி. செட்டிநாட்டுக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்தவர். பழைய நூல்களையும் நாடக நோட்டீஸ்களையும் தன் ஆசைக்காகச் சேர்த்தார். அவர் மறைவுக்குப் பின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்க, அதைக் கொண்டு உருவானதுதான் சென்னையில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம்.

ரசித்தது போதும், கையையும் நனைத்துப் பார்க்கலாம் என்று தோன்றினால், எடுத்த எடுப்பில் சிவப்புப் பக்கத்துக்குப் போகாதீர்கள். அங்கே வேலை அதிகம், அலுத்துவிடும். உங்களுக்குப் பிடித்த ஆசிரியரின் நூலொன்றை விக்கிமூலத்தில் திறந்து, மஞ்சளாக இருக்கும் ஒரு பக்கத்தை எடுங்கள். ஒரு புறம் எழுத்து, ஒரு புறம் அச்சுப் படம். வாய்விட்டுப் படித்தால் பிழை சீக்கிரம் அகப்படும். ஒரு பக்கத்துக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். முடித்ததும் பச்சையாக்கிச் சேமித்துவிடுங்கள். வரலாற்றில் உங்களுக்கு முன் அதை மஞ்சளாக்கியவரின் பெயர் இருக்கும், அதன் அருகே உள்ள ‘நன்றி’யை அழுத்துங்கள்.