மணல் திடலில் நூற்புழு: தற்காப்பு ஆட்டமே கைகொடுக்கும்

2014 அக்டோபர் 14 அன்று சிங்கப்பூரின் காலாங் தேசிய விளையாட்டரங்கில் நடந்த கால்பந்தாட்டத்தில் பிரேசில் ஜப்பானை 4-0 என வீழ்த்தியது. நான்கு கோலும் நெய்மார் அடித்தவை. அன்று நெய்மாருக்கு இணையாகப் பேசப்பட்டது திடல். பெயர்ந்த புல்லுக்கு அடியில் மணல் பல்லிளித்தது. கூரை நிழல், அடுத்தடுத்த நிகழ்ச்சிகள், வேர் பிடிக்கப் போதாத அவகாசம் ஆகியவையே அதற்குக் காரணம். மறு ஆண்டே வேறு வகைப் புல்தரை வந்தது.

அங்கே, மண்ணில் வாழ்ந்து வேரைத் தாக்கும் நூற்புழுவின் மீது பழி இல்லை. ஆனால் வேர் இறங்காத புல் நூற்புழுவுக்கு எளிய இரை. ஆண்டுக்கு 2,000 மி.மீ.க்கு மேல் மழை கொட்டும் சிங்கப்பூரில், நீர் வடிய மணல் அடித்தளம் வேண்டும். அதே மணலின் இடுக்குகளில்தான் பல நூற்புழுக்கள் தங்குதடையின்றி நகர்கின்றன. குளிர்காலம் இல்லாததால் இனப்பெருக்கத்துக்கும் ஓய்வில்லை.

லிட்டில் இந்தியாவை ஒட்டிய ஜாலான் புசார் அரங்கில் செயற்கைப் புல் இருப்பதால் இந்தக் கவலை கிடையாது. பாலஸ்டியர் சாலையின் கிரிக்கெட் திடல்களுக்கும் செந்தோசா கோல்ஃப் மைதானங்களுக்கும் உண்டு. அங்கெல்லாம் வளர்வது உயிருள்ள புல்.

புல்லுக்கும் புழுவுக்கும் இடையிலான இந்த மோதலை நீண்ட காலம் ஆடிப் பார்த்தது ஃபுளோரிடா. அங்கே கோல்ஃப் திடல்களை வாட்டுவது, வேர் நுனியை உறிஞ்சும் கொட்டு நூற்புழு. 'நெமாகூர்' என்ற கடும் நச்சு மருந்தின் உற்பத்தி 2007இல் அமெரிக்காவில் நின்றுபோக, கண்கள் ஒரு பாக்டீரியாவின் பக்கம் திரும்பின. அதன் பெயர் பாஸ்டூரியா உஸ்கே. அமெரிக்க கோல்ஃப் சங்கத்தின் பெயர்ச்சுருக்கத்தைத் தாங்கியது. அதன் வித்துகள் புழுவின் தோலில் ஒட்டி, உள்ளே முளைத்து, உடலையே வித்துகளால் நிரப்பிவிடும்.

ஆய்வுக்கூடத்தில் அபார ஆட்டம். ஆனால் அதை 'எகோனெம்' என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தபின், கோல்ஃப் திடல்களில் ஃபுளோரிடா பல்கலைக்கழகம் நடத்திய சோதனைகளில் புழுக்களின் எண்ணிக்கை சொல்லும்படி குறையவில்லை. இந்த பாக்டீரியா தானாக நகராது. புழு வந்து உரசினால்தான் ஒட்டும். ஓர் இனத்தைத் தாக்குவது இன்னோர் இனத்தைத் தொடாது. மணலில் பாயும் நீர் வித்துகளைக் கீழே அடித்துச் செல்லவும் கூடும். சிங்கப்பூர் மழையில் இந்தக் கடைசிக் குறையை அலட்சியப்படுத்த முடியாது.

இன்னோர் உயிரியல் மருந்தான, நூற்புழுவின் முட்டைகளைத் தின்னும் பர்பூரியோசிலியம் என்ற பூஞ்சை தமிழ்நாட்டுத் தோட்டப் பயிர்களில் பழக்கமானதுதான். அதைத் தொழுவுரத்தில் பெருக்கி மண்ணில் கலக்கலாம். ஆனால் நாள்தோறும் ஆட்டம் நடக்கும் புல்தரையைக் கொத்திக் கலக்க வழியில்லை. மேலே ஊற்றி நீர் பாய்ச்சுவதோடு சரி.

ஆகவே, உயிரியல் மருந்தைக் கோலடிக்கும் வீரராக நம்பிக் களமிறக்குவது தவறான வியூகம். வேரோடு மண்ணை எடுத்துப் புழுவின் இனத்தையும் எண்ணிக்கையையும் பார்ப்பது முதல் வேலை. புல்லில் மஞ்சள் திட்டைக் கண்டதும் உரத்தைக் கூட்டுவது நோயறியாத வைத்தியம். புல்லைச் சற்று உயரமாக விட்டு வெட்டுவதும் மணலில் மட்கு சேர்ப்பதும் வேரைத் தாங்கிப் பிடிக்கும். பாக்டீரியாவும் பூஞ்சையும் அதற்குப் பிறகு வரவேண்டிய தற்காப்பு வீரர்கள். அவர்களுக்கு மாதங்கள் தேவை. அந்த அவகாசத்தைத் தர வேண்டியவர், போட்டி அட்டவணை போடுபவர்.