கலத்தில் ஏறிய விருந்தினர்

தமிழ் இலக்கியத்தில் கடலுக்குப் பஞ்சமில்லை. ஐந்திணையுள் ஒன்றாகிய நெய்தல் கடலுக்கே உரியது. எனினும், நெய்தற் பாடல்களிற் பெரும்பாலானவை கரையில் நின்று கடலை நோக்குவனவாகவே அமைந்துள்ளன. புறநானூற்று 66ஆம் பாடலில் வெண்ணிக்குயத்தியார், காற்றின் இயல்பறிந்து மரக்கலம் செலுத்திய கரிகாலனின் முன்னோரைப் போற்றுகிறார். ஆயின் அக்கலத்தில் உடன் சென்றோர் யாவர், செலுத்தியவனுக்கும் அவர்களுக்கும் இடையே நிகழ்ந்தது என்ன என்பன அப்பாடலின் பொருளல்ல. இவ்வினாவை இரு புதினங்களிடம் எழுப்பிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

காற்று மிகுந்த பிற்பகலில், விருந்தினரை ஏற்றிக்கொண்டு விரிகுடாவில் செல்லும் பாய்மரப் படகு ஒன்றை எண்ணிப் பார்ப்போம். கரையில் அவர்கள் செல்வராக இருக்கலாம். பதவியில் உயர்ந்தோராகவும் இருக்கலாம். பாய் காற்றை வாங்கிப் படகு ஒருபுறம் சாய்ந்ததும், சுக்கான் பிடித்தவன் சொல்லும் பக்கத்துக்கு அவர்கள் நகர்ந்தே ஆகவேண்டும். அப்பொழுது அவர்களுடைய உடல் எடையும் படகைக் காக்கும் கருவியாகிறது. கரையின் ஏற்றத்தாழ்வு கலத்தில் தலைகீழாகிறது. கடற்பயணத்தைச் சித்திரிக்கும் எழுத்தாளன் இம்மாற்றத்தை உணர்ந்துள்ளானா என்பதே அவன் எழுத்தை அளக்கும் கோல் எனலாம்.

கலத்தில் ஏறும் விருந்தினர் எல்லாரும் ஏறியபடியே இறங்குவதில்லை என்பதற்குப் பேராக்கின் வரலாறே சான்று. 1874ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் நாள், பங்கோர்த் தீவை அடுத்த கடலில் நின்ற 'புளுட்டோ' என்னும் கப்பலில், ஆளுநர் ஆண்ட்ரூ கிளார்க்கின் முன்னிலையில் மலாய்ப் பெருமக்கள் ஓர் உடன்படிக்கையில் ஒப்பமிட்டனர். அப்துல்லா சுல்தானாக ஏற்கப்பெற்றார். அதற்கு ஈடாக, சமயமும் மலாய் வழக்கமும் நீங்கலாக ஏனையவற்றில் பிரிட்டிஷ் ரெசிடெண்டின் அறிவுரைப்படி நடக்க அவர் இசைய வேண்டியிருந்தது. அழைப்பை ஏற்றுக் கப்பல் ஏறியவர்கள் ஆட்சியுரிமையின் பெரும்பகுதியை அங்கேயே விட்டு இறங்கினர். அவ்வாட்சிமுறையின் நிழலிலேதான் பின்னாளில் இம்மண்ணில் இரப்பர்த் தோட்டங்கள் பெருகின. நம் முன்னோரும் கடல் கடந்து வந்து சேர்ந்தனர்.

இனிப் புதினங்களுக்கு வருவோம். 1950 முதல் 1954 வரை தொடராக வெளிவந்த கல்கியின் 'பொன்னியின் செல்வ'னில், கோடிக்கரைக் கலங்கரை விளக்கக் காவலரின் மகள் பூங்குழலி, வந்தியத்தேவனைத் தன் படகில் ஏற்றி இலங்கைக்கு அழைத்துச் செல்கிறாள். வாளுக்கு அஞ்சாத வாணர்குல வீரன், கடலில் அவள் துடுப்பை நம்பியே வாழ வேண்டியவனாகிறான். துடுப்பைப் பெண்ணின் கையில் தந்து, வீரனை விருந்தினனாக அமர்த்திய கல்கியின் துணிவு போற்றத்தக்கது. ஆயினும், அப்புதினத்தில் கடல் கதைக்குக் கட்டுப்பட்டே நடக்கிறது. புயல் வேண்டிய வேளையில் எழுகிறது. பூங்குழலியின் படகும் வேண்டிய வேளையில் வந்து, அருள்மொழிவர்மனையும் வந்தியத்தேவனையும் மீட்கிறது. வாசகன் அஞ்சுகிறான், ஆனால் கரை சேர்வோமா என ஐயுறுவதில்லை. கல்கியின் கடல், விருந்தினரைக் கைவிடாத கடல்.

ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' 1972இல் நூலாக வெளிவந்தது. மேடானில் வாழ்ந்து, தென்கிழக்காசியக் கடலையும் வணிகரையும் நேரில் அறிந்தவர் அவர். ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில், சுமத்திராவிலிருந்து பினாங்கு நோக்கிச் செல்லும் தொங்கானில் பாண்டியனும் பிறரும் பயணம் செய்கின்றனர். இடையே புயல் தாக்குகிறது. மலாக்கா நீரிணையில் திடீரென எழும் காற்று மழைக்குச் 'சுமத்திரா' என்றே கடலோர மக்கள் பெயரிட்டுள்ளனர். அந்நீரிணையின் கீழைக்கரையில் உள்ளதே நம் பேராக்.

இப்பகுதியில் சிங்காரத்தின் நடையே மாறிவிடுகிறது. வினையெச்சங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பெற்று, வாக்கியம் முடிவிடம் காணாமல் தத்தளிக்கிறது. இதனைச் சொற்பெருக்கு எனக் குறைகூறுவோர் உளர். அக்குறைபாடு ஏற்கத்தக்கதன்று. அலையின் பேரளவை உவமையால் விளக்காமல், தொடரின் ஓட்டத்தாலேயே வாசகனை உலுக்குவது இந்நடை. தொங்கானில் ஏறியவர் எவரும் அங்கு விருந்தினராக நீடிக்க இயலவில்லை. வணிகனின் கணக்கும் கற்றவனின் சொல்லும் காற்றின்முன் ஒரே எடையுடையனவாகின்றன. கல்கி காட்டிய தலைகீழ் மாற்றம் ஓர் இனிய திருப்பமாக நின்றுவிட, சிங்காரத்திடம் அது வாழ்வின் உண்மையாகிறது.

இவ்விரண்டையும் வகுப்பறையில் ஒருசேரப் பயிற்றுதல் நன்று. கல்கியைப் படித்துச் சுவைத்த மாணாக்கர், சிங்காரத்தின் புயலை உரக்கப் படித்துக் கேட்கட்டும். அப்புதினத்தில் விரவியுள்ள மலாய்ச் சொற்களுக்குத் தமிழகத்து மாணவனுக்கு அகராதி வேண்டும். நம் மாணவனுக்கோ அவை அங்காடியிற் கேட்ட சொற்கள். பின்னர் மூன்று வினாக்களை எழுப்பலாம்: கலத்தைச் செலுத்துபவர் யார்? சுமக்கப்படுபவர் யார்? எவருடைய குரல் கேட்கவில்லை?

மூன்றாம் வினா நம்மைத் தொடும். 1926 முதல் 1973 வரை தமிழகத் துறைமுகங்களுக்கும் மலாயாவுக்கும் இடையே ஓடிய 'ரஜூலா' கப்பலின் மேல்தளத்தில், மூட்டையை அணைத்துப் படுத்து வந்தவர் பலர். அவர்கள் விருந்தினருமல்லர், சுக்கான் பிடித்தவருமல்லர். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, பால்மரங்கள் நின்ற இடங்கள் பலவற்றில் வீடமைப்புகள் எழுந்துவிட்டன. தோட்டத்தைப் பற்றி நாம் நிரம்ப எழுதியுள்ளோம். தோட்டத்துக்கு முன்னிருந்த அந்தக் கடல் நாட்களை, கலத்தினுள் இருந்து நோக்கி எழுதியவை மிகக் குறைவு. ஈப்போவிலிருந்து லுமுட் துறை ஏறத்தாழ 80 கிலோமீட்டர்தான். அங்கு வீசும் காற்றை நம் மாணாக்கர் அறிவர். மேல்தளத்தில் வந்த பாட்டன் பாட்டியின் பயணத்தை வீட்டு முதியோரிடம் கேட்டு எழுதும் பணியை ஆசிரியர்கள் அவர்களிடம் ஒப்படைத்தல் வேண்டும்.